இயற்கைப் பேரிடரும் இறைத்தண்டனையும்: கிறிஸ்தவ மரபில் ஒரு நெடுநாள் விவாதம்

பூகம்பம், புயல், பெருவெள்ளம், கொள்ளைநோய், பஞ்சம் ஆகியவை பாவத்துக்குக் கடவுள் கொடுக்கும் தண்டனையா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு இன்றுவரை ஒரே குரலில் விடை சொன்னதில்லை. தண்டனைதான் என்று வாதிட விவிலியத்தில் ஆதாரம் இருக்கிறது. அப்படித் தீர்ப்பு வழங்காதே என்று தடுக்கவும் அதே நூலில் ஆதாரம் இருக்கிறது.

இக்கேள்வி கிறிஸ்தவத்தில் இவ்வளவு கூர்மை பெற்றதற்கு அதன் அடிப்படை நம்பிக்கைகளே காரணம். உலகைப் படைத்தவர் ஒரே கடவுள். அவர் எல்லாம் வல்லவர், நல்லவர், நீதியுள்ளவர். காற்றுக்கு ஒரு தெய்வம், கடலுக்கு ஒரு தெய்வம் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க இந்த நம்பிக்கையில் இடமில்லை. முற்பிறவி வினை என்ற விளக்கமும் இல்லை. ஆகவே கடல் பொங்கி ஓர் ஊரை விழுங்கினால் வழக்கு நேராகக் கடவுளின் முன் போய் நிற்கிறது. அவரே அனுப்பினாரா, நடக்கட்டும் என்று அனுமதித்தாரா, இயற்கையை அதன் போக்கில் விட்டிருக்கிறாரா? இந்த மூன்று வழிகளிலும் இறையியலாளர்கள் சென்றிருக்கிறார்கள்.

பழைய ஏற்பாடு: தண்டனையும் அதன் வரம்பும்

தண்டனை என்ற கருத்தின் வேர் பழைய ஏற்பாட்டில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததால் ஜலப்பிரளயம் வருகிறது. சோதோம், கொமோரா நகரங்கள் நெருப்பில் அழிகின்றன. யாத்திராகமத்தில் எகிப்தைப் பத்து வாதைகள் தாக்குகின்றன. எண்ணாகமத்தில் மோசேயை எதிர்த்த கோராகின் கூட்டத்தை நிலம் பிளந்து விழுங்குகிறது. உபாகமத்தின் 28ஆம் அதிகாரம் இதைச் சட்டமாகவே வகுக்கிறது: கட்டளைகளைக் கைக்கொண்டால் மழையும் விளைச்சலும் உண்டு, மீறினால் வறட்சியும் கொள்ளைநோயும் வரும்.

இந்தப் பார்வையை மிகக் கடுமையாக முன்வைத்தவர் ஆமோஸ் தீர்க்கதரிசி. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலின் செல்வர்கள் ஏழைகளை நசுக்கியதைக் கண்டித்த அவர், பஞ்சம், மழையின்மை, பயிர்நோய், வெட்டுக்கிளி, கொள்ளைநோய் என ஒவ்வொன்றாக அடுக்கி, இத்தனைக்குப் பிறகும் நீங்கள் திரும்பி வரவில்லையே என்று கடவுளின் குரலில் கேட்கிறார். உசியா அரசன் காலத்துப் பூகம்பத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பேசியதாக நூலின் முதல் வசனம் குறிக்கிறது. அந்த நூற்றாண்டில் ஒரு பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்ததற்கான தடயங்களை ஆத்சோர் முதலிய இடங்களின் அகழாய்வுகளில் தொல்லியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இந்தக் கதைகளில் கவனிக்க வேண்டிய சில பொதுத்தன்மைகள் உண்டு. பெரும்பாலும் பேரிடருக்கு முன்பே எச்சரிக்கை வருகிறது. நடந்து முடிந்த பின் காரணம் தேடுவதில்லை. பேசுகிறவர் பெரும்பாலும் தன் சொந்த மக்களையே, கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தையே குறை சொல்கிறார். அழிவு நோக்கமல்ல, திருந்துவதே நோக்கம். நினிவே நகரம் அழியும் என்று அறிவித்த யோனா, மக்கள் மனந்திரும்பியதால் அழிவு நீங்கியபோது கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த நூல் கடிந்துகொள்வது நினிவேயை அல்ல, அதன் அழிவைப் பார்க்கக் காத்திருந்த தீர்க்கதரிசியை.

தண்டனைக் கதைகளுக்குள்ளேயே வரம்புகளும் இடப்பட்டிருக்கின்றன. பிரளயம் முடிந்ததும், இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்று கடவுள் வாக்குக் கொடுத்து, வானவில்லை அதற்கு அடையாளமாக வைக்கிறார். சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர் வரை பேரம் பேசுகிறார். நல்லவனையும் கெட்டவனையும் ஒன்றாக அழிப்பது நியாயமா என்பதே அவர் வாதம். கடவுளும் அதற்கு இணங்கியே வருகிறார். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்னால் பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு ஆகிய மூன்றும் கடந்து போகின்றன. கர்த்தர் அவற்றில் எதிலும் இல்லை.

தண்டனைக் கருத்துக்கு எதிரான பெரிய மனு யோபின் புத்தகம். குற்றமற்றவர் என்று கடவுளே சான்று சொல்லும் ஒரு மனிதர் மீது ஒரே நாளில் இடிமேல் இடியாக விழுகிறது. கொள்ளையர் மந்தைகளைக் கொண்டுபோகிறார்கள். வானத்து நெருப்பு ஆடுகளை எரிக்கிறது. வனாந்தரக் காற்று அடித்து வீடு இடிந்து பத்துப் பிள்ளைகளும் சாகிறார்கள். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் உடன் அமர்கிறார்கள். பிறகு பேசத் தொடங்கி, நீ ஏதோ தவறு செய்திருப்பாய் என்று விதவிதமாக நிரூபிக்க முயல்கிறார்கள். இறுதியில் கடவுள் கோபிப்பது கேள்வி கேட்ட யோபின் மேல் அல்ல. தன்னை நியாயப்படுத்த வந்த அந்த நண்பர்களின் மேல். துன்பத்தைப் பார்த்துப் பாவத்தைக் கண்டுபிடிக்கும் முறை செல்லாது என்று இந்த நூல் தீர்ப்பளிக்கிறது. துன்பத்தின் காரணம் என்ன என்பதை மட்டும் அது கடைசிவரை யோபுக்குச் சொல்வதில்லை.

இயேசுவின் விடை

புதிய ஏற்பாட்டில் இந்தக் கேள்வி இரண்டு இடங்களில் இயேசுவிடமே நேரடியாக வருகிறது. லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்ற செய்தி அவருக்குச் சொல்லப்படுகிறது. அதோடு சேர்த்து, சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் இறந்த விபத்தை அவரே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று மறுக்கிறார். அத்துடன் நிறுத்தாமல், நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவுதான் என்றும் எச்சரிக்கிறார். யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் அல்ல என்று சொல்லிவிட்டு அவர் அந்த மனிதரைக் குணப்படுத்தப் போகிறார்.

இவ்விரு விடைகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. செத்தவன் என்ன பாவம் செய்தான் என்ற ஆராய்ச்சியை இயேசு மூடிவிடுகிறார். உயிரோடிருப்பவன் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் திறந்து வைக்கிறார். தங்களுக்கு இடம் கொடாத சமாரியர் கிராமத்தின் மேல் வானத்து நெருப்பை வரவழைக்கலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர் அவர்களையே அதட்டுகிறார். மலைப்பிரசங்கத்தில் வெயிலும் மழையும் நல்லவர்க்கும் தீயவர்க்கும் பொதுவாகவே கிடைக்கின்றன என்கிறார்.

ஆனால் புதிய ஏற்பாட்டில் தண்டனைக் கருத்து மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அப்போஸ்தலர் நடபடிகளில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் அந்த இடத்திலேயே விழுந்து சாகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் பூகம்பம், கல்மழை, வாதை என இறுதிக்காலத் தண்டனைகளை விரிவாகச் சித்திரிக்கிறது. பூகம்பங்களும் பஞ்சங்களும் வரும் என்று இயேசுவே முன்னறிவிக்கிறார். ஆனால் அவற்றைக் கண்டு கலங்காதிருக்கச் சொல்கிறார், முடிவு உடனே வராது என்கிறார். 'கடைசிக் காலம்' பற்றிய பிரசங்கங்கள் ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் இப்பகுதிகளிலிருந்தே எழுகின்றன.

தொடக்கச் சபை நடைமுறையில் என்ன செய்தது என்பதற்கு ஒரு சிறு குறிப்பு உண்டு. கிலவுதியு பேரரசர் காலத்தில் பெரும் பஞ்சம் வரும் என்று அகபு என்பவர் முன்னறிவித்ததும், அந்தியோகியாச் சபையார் யார் பாவத்தால் பஞ்சம் என்று கேட்கவில்லை. ஆளுக்கு இயன்றதைத் திரட்டி யூதேயாவுக்கு அனுப்பினார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள், குற்றம் சாட்டுபவர்கள்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் பேரிடருக்குக் காரணம் என்று பழி சுமந்தவர்கள் கிறிஸ்தவர்களே. உரோமைத் தெய்வங்களை வணங்க மறுத்ததால் தெய்வக் கோபம் வந்தது என்பது அன்றைய பொதுமக்களின் நம்பிக்கை. கார்த்தேஜைச் சேர்ந்த தெர்த்துல்லியன், திபேர் ஆறு கரைபுரண்டாலும் நைல் ஆறு பொங்காமல் போனாலும் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு என்று கூச்சல் எழுகிறது என எழுதினார். கிறிஸ்து பிறப்பதற்கு முன் உலகில் பூகம்பமும் வெள்ளமும் இல்லாமலா இருந்தன என்பது அவர் எதிர்க்கேள்வி.

3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும் கொள்ளைநோய் பரவியபோது கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியான் வேறொரு சிக்கலைச் சந்தித்தார். புறச்சமயத்தாரைப் போலவே நம்மவர்களும் சாகிறார்களே என்று விசுவாசிகள் கலங்கினர். உடல் என்ற அளவில் எல்லாருக்கும் பொதுவான துன்பம் இது என்று அவர் விளக்கினார். நோயுற்றோரைப் பார்த்துக்கொள்வதில் நம்மவர், பிறர் என்ற பேதம் வேண்டாம் என்றும் வற்புறுத்தினார். அதே சிப்ரியான், கிறிஸ்தவர்களைக் குறைசொன்ன தெமெத்ரியானுஸ் என்பவருக்கு எழுதிய மறுப்பில், உண்மைக் கடவுளை வணங்காததால்தான் இந்தத் தண்டனை என்று பழியைத் திருப்பிப் போட்டார். கருத்து அதுவேதான்; விரல் நீளும் திசை மட்டும் மாறிவிட்டது.

கி.பி. 410இல் விசிகோத்தியர் உரோமைச் சூறையாடியபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதன் பலன் இது என்ற குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. அதற்கு விடையாக 413இல் அகுஸ்தீன் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' 22 பாகங்களாக வளர்ந்தது. இவ்வுலகின் நன்மையும் தீமையும் நல்லவர்க்கும் கெட்டவர்க்கும் கலந்தே வருகின்றன என்று அவர் வாதிட்டார். எல்லாப் பாவத்துக்கும் இங்கேயே தண்டனை கிடைத்துவிட்டால் இறுதித் தீர்ப்புக்கு வேலை இல்லை. எதற்குமே கிடைக்காவிட்டால் கடவுளின் ஆளுகை இல்லை என்று மனிதர் எண்ணிவிடுவர். வந்த துன்பத்தை வைத்து மனிதரை அளக்க முடியாது. அதை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதே அளவுகோல்.

கிறிஸ்தவம் அரசுச் சமயமான பிறகு இந்த நிதானம் நிலைக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்தினியன் பிறப்பித்த ஒரு சட்டம், தெய்வநிந்தனையும் ஒருபாலுறவும் பஞ்சம், பூகம்பம், கொள்ளைநோய் ஆகியவற்றுக்குக் காரணம் என்று சொல்லி அவற்றுக்குக் கடுந்தண்டனை விதித்தது. பேரிடரே தண்டனை என்ற வாதம் இப்போது அதிகாரத்தின் கைக்கு வந்துவிட்டது.

இடைக்காலம்: அக்குவினாவும் கறுப்புச் சாவும்

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினா இந்தச் சிக்கலைத் தத்துவ முறையில் பிரித்து வைத்தார். மனிதன் தன் விருப்பத்தால் செய்யும் குற்றம் ஒரு தீமை; அதற்காக அவன் படும் துன்பம் இன்னொரு தீமை. முதலாவதைக் கடவுள் எவ்வகையிலும் விரும்புவதில்லை. இரண்டாவதை நீதியின் பொருட்டு விரும்பலாம். இவற்றோடு, பொருள்கள் தோன்றி மறையும் உலகின் இயல்பையும் அவர் சேர்த்துக்கொண்டார். ஒன்று அழியாமல் மற்றொன்று உருவாவதில்லை; மானைக் கொல்லாமல் சிங்கம் வாழாது. கடவுள் முதற்காரணர் என்றாலும் இயற்கைப் பொருள்கள் தமக்குரிய உண்மையான காரணத்தன்மையோடு இயங்குகின்றன. தண்டனைக்கான வாசலை அக்குவினா அடைக்கவில்லை; ஆனால் இயற்கைக் காரணம் சொல்வது கடவுளை மறுப்பதாகாது என்ற வழியையும் திறந்தார்.

1347 முதல் 1351 வரை ஐரோப்பாவை அழித்த கறுப்புச் சாவு நோயின்போது இந்த நுட்பங்கள் தெருவில் எடுபடவில்லை. கடவுளின் கோபத்தைத் தணிக்க மக்கள் தங்களைத் தாங்களே சாட்டையால் அடித்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக ஊர் ஊராகச் சென்றனர். இன்னொரு பக்கம், யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்ற வதந்தி பரவியது. ஸ்த்ராஸ்பூர் நகரில் 1349 பிப்ரவரி 14 அன்று, நோய் அந்நகரை எட்டுவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர்.

அவிஞ்ஞோனில் இருந்த போப் ஆறாம் கிளமெந்து இந்த நோய் மக்களின் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றே நம்பினார். அதை நீக்க வேண்டித் தனித் திருப்பலியையும் ஏற்படுத்தினார். ஆனாலும் 1348இல் அவர் வெளியிட்ட ஆணை, யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும் நோய் பரவியிருக்கிறது என்று எடுத்துக்காட்டி அவர்களைத் தாக்குவதைத் தடைசெய்தது. 1349இல் சாட்டையடிக் கூட்டங்களையும் அவர் கண்டித்தார். தண்டனை என்று நம்பிக்கொண்டே குற்றவாளியைத் தேடுவதைத் தடுக்க முடியும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

சீர்திருத்தக் காலமும் இடிதாங்கியும்

16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின், தற்செயல் என்று எதுவுமே இல்லை, ஒரு மழைத்துளிகூடக் கடவுளின் ஆணையின்றி விழாது என்றார். சீலோவாம் பகுதிக்கு உரை எழுதும்போது, பிறருடைய பாவத்தைக் கடுமையாகப் பார்த்துத் தன் பாவத்தை மறந்துவிடும் குணத்தை அவரே கண்டித்தார். அவர் வழிவந்தவர்கள் எல்லாரும் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. எந்தப் பாவிக்கு எந்தச் சாவு வந்தது என்று தொகுத்துக் காட்டும் நூல்கள் இங்கிலாந்தில் பெருகின. 1666 செப்டம்பரில் இலண்டன் எரிந்தபோது, நெருப்பு தின்பண்டப் பெயர்களை நினைவூட்டும் 'புட்டிங் லேன்' தெருவில் தொடங்கி 'பை கார்னர்' முனையில் முடிந்ததால் பெருந்தீனியே அந்தப் பாவம் என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்லும் நினைவுச் சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

1755 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது விவாதம் புதிய வடிவம் எடுத்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் கண்டுபிடித்த இடிதாங்கிக் கம்பிகள் அப்போதுதான் நகர வீடுகளில் ஏறிக்கொண்டிருந்தன. தாமஸ் பிரின்ஸ் என்ற போதகர் தம் பழைய பூகம்பப் பிரசங்கத்தை மீண்டும் அச்சிட்டு, ஒரு பின்னிணைப்பையும் சேர்த்தார். இந்தக் கம்பிகள் வானத்து மின்சாரத்தை இழுத்து நிலத்துக்குள் செலுத்துவதே பூகம்பத்துக்குக் காரணமாகலாம், கடவுளின் கையிலிருந்து தப்ப வழியில்லை என்பது அதன் சாரம். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் வின்த்ராப் அதைப் பகிரங்கமாக மறுத்தார். பூகம்பத்தில் கடவுளின் நோக்கம் இருப்பதை அவர் மறுக்கவில்லை, அது நிகழும் முறையை இயற்கை விதிகளில் தேட வேண்டும் என்றார். மோதிக்கொண்ட இருவருமே பக்தியுள்ள கிறிஸ்தவர்கள்.

லிஸ்பன், 1755

பாஸ்டன் அதிர்வுக்கு 17 நாள் முன்பு, நவம்பர் 1ஆம் தேதி காலை சுமார் ஒன்பதரை மணிக்குப் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் இடிந்து விழுந்தது. அன்று சகல புனிதர்கள் திருநாள். கோவில்கள் நிறைந்திருந்தன, பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. முதல் அதிர்விலேயே கூரைகள் வழிபட்டவர்கள்மேல் சரிந்தன. திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சற்று நேரத்தில் தேஜோ ஆற்று முகத்துவாரம் வழியே ஏறிவந்த ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ பல நாட்கள் எரிந்தது. இறந்தோர் 30,000 முதல் 60,000 வரை என மதிப்பிடுகின்றனர். இன்றைய மதிப்பீடுகள் பலவும் அதன் அளவை 8.5 அல்லது அதற்கு மேல் வைக்கின்றன.

தண்டனைக் கொள்கையின் தர்க்கச் சிக்கல் இதுபோல் வேறெங்கும் வெட்டவெளிச்சமானதில்லை. பக்தியில் பேர்பெற்ற நகரம், திருநாள் காலை, வழிபாட்டு நேரம். சீர்திருத்த நாடுகளில் பலர், இது மதவிரோதிகளைத் தண்டித்த கத்தோலிக்க விசாரணை மன்றத்தின் கொடுமைக்கும் சிலை வழிபாட்டுக்கும் வந்த தண்டனை என்றனர். மெதடிச இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அந்த ஆண்டே வெளியிட்ட துண்டு நூலில் விசாரணை மன்றத்தில் சிந்திய இரத்தத்தைச் சுட்டினார். லிஸ்பனில் இருந்த சிலரோ, சீர்திருத்த வணிகர்களை நகரத்தில் சகித்துக்கொண்டதே காரணம் என்றனர். ஒரே பூகம்பம் நேரெதிரான இரண்டு பாவங்களுக்குச் சாட்சியாக்கப்பட்டது. மொரோக்கோவின் ஊர்களும் அதே அதிர்வில் இடிந்தன என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

லிஸ்பனுக்குள் மோதல் இரண்டு மனிதர்களின் வடிவில் வந்தது. ஒருவர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பெயர்பெற்ற அமைச்சர் செபஸ்தியாவோ ஜொசே தெ கார்வால்யோ. பிணங்களை அகற்றுதல், உணவு விலையைக் கட்டுப்படுத்துதல், கொள்ளையரைத் தண்டித்தல், நகரை அகலத் தெருக்களோடு மீண்டும் கட்டுதல் ஆகியவற்றில் அவர் இறங்கினார். புதிய கட்டடங்களுக்கு உள்ளே மரச்சட்டக் கூண்டு வைத்து அதிர்வைத் தாங்கும் முறை கையாளப்பட்டது. மற்றவர் கபிரியேல் மலகிரிதா. பிரேசிலில் பல ஆண்டு மறைப்பணி செய்து புனிதர்போல் மதிக்கப்பட்ட இயேசு சபைத் துறவி. 1756இல் அவர் வெளியிட்ட சிறு நூல், பூகம்பத்துக்குக் காரணம் ஆவியோ நெருப்போ அல்ல, மக்களின் பாவமே என்று அடித்துச் சொன்னது. குடிசை கட்டுவதிலும் இடிபாட்டை அகற்றுவதிலும் காட்டும் ஊக்கத்தைத் தவத்திலும் தியானத்திலும் காட்ட வேண்டும் என்றது. மறுகட்டுமானத்துக்கு ஆள் வேண்டிய நேரத்தில் இது ஆபத்தான போதனை என்று கண்ட அமைச்சர் அவரை லிஸ்பனிலிருந்து வெளியேற்றினார். பின்னர் அரசருக்கு எதிரான சதி வழக்கில் சிறைப்பட்ட மலகிரிதா, 1761இல் மதவிரோதி என்ற தீர்ப்பின்படி கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். பகுத்தறிவின் பக்கம் நின்றதாகக் கருதப்படும் அரசு, அதற்கு விசாரணை மன்றத்தையே கருவியாக்கிக்கொண்டது.

பூகம்பத்தை அடுத்து அமைச்சர் நாடு முழுவதும் உள்ள பங்குகளுக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். அதிர்வு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, கட்டடங்கள் எந்தப் பக்கமாகச் சரிந்தன, கடல் முதலில் உள்வாங்கியதா பொங்கியதா, நிலத்தில் பிளவு உண்டானதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று அதில் கேட்டிருந்தார். விடை எழுதியவர்கள் பங்குக் குருக்கள். அவர்களின் பதில்கள் இன்றும் போர்ச்சுகலின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்கவியலின் முன்னோடி ஆவணங்களாக அவை மதிக்கப்படுகின்றன.

ஐரோப்பியச் சிந்தனையாளர்களும் இதில் இறங்கினர். இருக்கக்கூடிய உலகங்களில் சிறந்த உலகம் இதுவே என்ற லைப்னிட்ஸின் நம்பிக்கையை வொல்தேர் முதலில் கவிதையிலும் பின்னர் 1759இல் 'கான்டீட்' நாவலிலும் தாக்கினார். ரூசோ 1756இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் வேறு கோணத்தைக் காட்டினார்: ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாக அங்கே கட்டியது இயற்கை அல்ல, மனிதர். இளம் கான்ட் பூகம்பம் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதி, நிலத்தடிக் குகைகளில் காரணம் தேடினார். அந்த விளக்கம் தவறு; ஆனால் இடிந்த ஊர்களைப் பார்த்துக் கடவுளின் நோக்கத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது மனிதச் செருக்கு என்ற அவர் கருத்து நிலைத்தது.

அண்மைக்காலப் பேரிடர்கள்

பழைய முறை இன்றும் தொடர்கிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அந்நகரின் ஒழுக்கக்கேடே காரணம் என்ற பிரசங்கங்கள் எழுந்தன. ஆனால் கேளிக்கைக்குப் பெயர்போன 'பிரெஞ்சுக் குடியிருப்பு' மேட்டு நிலத்தில் இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. கரைகள் உடைந்து மூழ்கியவற்றில் ஏழைக் கறுப்பின மக்களின் தாழ்நிலப் பகுதிகள் முக்கியமானவை. கத்ரீனாவைத் தண்டனையாகப் பேசியிருந்த ஒரு குரு 2009இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் மறைமாவட்டத் துணை ஆயராக நியமிக்கப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. சில வாரங்களில் அவர் விலக நேர்ந்தது. 2016இல் இத்தாலியப் பூகம்பங்களை ஒருபாலினத்தவர் இணைவுச் சட்டத்தோடு முடிச்சுப்போட்டு வானொலியில் ஒரு துறவி பேசியபோது, அது விசுவாசிகளைப் புண்படுத்துவது என்று வத்திக்கான் வெளிப்படையாகக் கண்டித்தது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0 அளவிலான பூகம்பம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்நாட்டு அடிமைகள் விடுதலைக்காகப் பேயோடு ஒப்பந்தம் செய்தனர், சாபம் அதிலிருந்து வந்தது என்று அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கி பேட் ராபர்ட்சன் சொன்னார். அடுத்த மாதம் சிலியில் 8.8 அளவில் பூகம்பம் வந்தது. வெளிப்பட்ட ஆற்றல் பல நூறு மடங்கு அதிகம். இறந்தவர்கள் சுமார் 525 பேர். சிலியில் கட்டட விதிகள் கடுமையானவை. ஹெய்ட்டியில் கம்பியும் சிமெண்டும் குறைந்த வீடுகள். இந்த வேறுபாட்டைப் பாவத்தின் அளவால் விளக்க எவராலும் முடியாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தமிழகத்துக்கு இக்கேள்வியை வாசலிலேயே கொண்டுவந்தது. கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் திரண்டிருந்த யாத்ரிகர்கள் பலர் அலையில் போனார்கள். ஆலயம் பெரிய சேதமின்றி நின்றதை அற்புதம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வாதம், மாதாவைத் தேடி வந்தவர்களின் சாவுக்கு விடை சொல்லவில்லை. தமிழகத்தில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். கரையை ஒட்டி வாழ்ந்த மீனவர் குப்பங்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்ற பேதமின்றிச் சாவு விழுந்தது. நாகூர் தர்கா எல்லாச் சமயத்தார் உடல்களையும் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது.

இந்த வாதமுறை கிறிஸ்தவத்துக்கு மட்டும் உரியதல்ல. 1934 ஜனவரி 15 பீகார் பூகம்பம் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று காந்தி திருநெல்வேலிப் பயணத்தின்போது பேசினார். தாகூர் அதை மறுத்தார். இந்த வாதம் எதிர்த்தரப்புக்கே அதிகம் பயன்படும் என்பது அவர் எச்சரிக்கைகளில் ஒன்று. அதுபோலவே, தீண்டாமை ஒழிப்பு இயக்கமே பூகம்பத்துக்குக் காரணம் என்று சனாதனிகளும் பேசினர். லிஸ்பனில் நடந்ததும் இதுவே.

இன்றைய இறையியல் நிலைப்பாடுகள்

இன்று திருச்சபைகளில் நான்கு நிலைப்பாடுகளைக் காணலாம்.

முதலாவது, பேரிடர்களைக் கடவுளின் நேரடித் தீர்ப்பாகவே காண்பது. சில சுவிசேஷ, பெந்தெகொஸ்தே வட்டாரங்களிலும் மரபுவாதக் கத்தோலிக்கரிடமும் இது உண்டு. இதன் பலம், கடவுளின் ஆளுகைக்கு வெளியே எதுவும் இல்லை என்று உறுதியாக நிற்பது. பலவீனம், இறந்த குழந்தைகளுக்கு இதனிடம் பதில் இல்லாதது.

இரண்டாவது, மனிதன் வீழ்ச்சியுற்றதால் படைப்பு முழுவதுமே சீர்குலைந்தது என்பது. படைப்பு பிரசவ வேதனையில் தவிக்கிறது என்ற பவுலின் கருத்து இதற்கு அடிப்படை. பேரிடர் பாவத்தோடு தொடர்புடையது. ஆனால் குறிப்பிட்ட ஊரின் பாவத்தோடு அல்ல, மனிதகுலத்தின் பொது நிலையோடு. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூகம்பங்கள் இருந்தன என்ற நிலவியல் உண்மை இந்நிலைப்பாட்டுக்குச் சவாலாக உள்ளது.

மூன்றாவது, உலகம் தன் விதிகளின்படி இயங்கக் கடவுள் இடம் விட்டிருக்கிறார் என்பது. இயற்பியலாளராக இருந்து ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன் இதை விரிவாக வாதிட்டார். கண்டத்தட்டுகளின் நகர்வே பூகம்பத்தை உண்டாக்குகிறது. மலைகளை எழுப்புவதும் கனிமங்களைப் புதுப்பிப்பதும் அதே நகர்வுதான். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், நிறைவை நோக்கிப் பயணப்படும் படைப்பில் ஆக்கமும் அழிவும் சேர்ந்தே இருக்கும் என்கிறது.

நான்காவது, விளக்கத்தையே மறுத்து உடனிருப்பை முன்வைப்பது. சிலுவையில் கடவுளே துன்பப்படுகிறார் என்ற யூர்கன் மோல்ட்மனின் 1972ஆம் ஆண்டு நூல் இதற்கு வலுவூட்டியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கீழைத் திருச்சபை இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தெய்வீகத் திட்டம் கற்பிப்பவர்களைக் கடுமையாகச் சாடினார்: சாவு கடவுளின் எதிரி, கருவி அல்ல. 2011இல் ஜப்பானியச் சிறுமி ஒருத்தி, ஏன் இப்படிப் பயப்பட வேண்டியிருக்கிறது என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, அதே கேள்வி தமக்கும் உண்டு, விடை நம்மிடம் இல்லை என்று போப் பதினாறாம் பெனடிக்ட் ஒப்புக்கொண்டார். கடவுள் உன் பக்கம் இருக்கிறார் என்பதை மட்டுமே உறுதியாகச் சொன்னார். 2020இல் கொரோனா பரவியபோது போப் பிரான்சிஸ், இது கடவுள் தீர்ப்பிடும் நேரமல்ல, எது முக்கியம் என்று நாம் தீர்மானிக்கும் நேரம் என்றார்.

தொகுப்பு

இரண்டாம் யோவான் பவுல் 1984இல் துன்பம் பற்றி எழுதிய திருத்தூது மடல், யோபின் கதையைக் காட்டி, குற்றத்துக்குத் தண்டனையாகத் துன்பம் வரலாம், ஆனால் எல்லாத் துன்பமும் குற்றத்தின் விளைவு அல்ல என்று வரையறுத்தது. கிறிஸ்தவ மரபின் மையப்போக்கு ஏறக்குறைய இதுவே. கடவுள் தண்டிக்கக்கூடும் என்பதை அது மறுக்கவில்லை. இந்தப் பேரிடர் இன்னாருக்கு வந்த தண்டனை என்று அறிவிக்கும் உரிமையை மட்டும் மனிதருக்குத் தரவில்லை. விவிலியத்தில் அந்த உரிமை, முன்கூட்டி எச்சரித்து, தன் மக்களிடமே பேசி, அழிவு நீங்கவேண்டும் என்று விரும்பிய தீர்க்கதரிசிகளுக்கு இருந்தது. பேரிடருக்குப் பின் அயலாரை நோக்கிப் பேசுபவர்களிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை.

வரலாறும் இதையே காட்டுகிறது. தண்டனை என்ற எண்ணம் தன்னைச் சோதிக்கப் பயன்பட்டபோது நோன்பும் தானமும் சீர்திருத்தமும் பிறந்தன. பிறரைச் சுட்டப் பயன்பட்டபோது ஸ்த்ராஸ்பூர் எரிந்தது. அறிவியல் பூகம்பத்தின் காரணத்தைச் சொல்கிறது. பெரிய அதிர்வில் ஒரு நாட்டில் நூற்றுக்கணக்கிலும் சிறிய அதிர்வில் இன்னொரு நாட்டில் லட்சத்துக்கு மேலும் ஏன் சாகிறார்கள் என்பதற்குக் கட்டட விதிகளும் வறுமையும் ஆட்சியும் விடை சொல்கின்றன. பேரிடரில் பாவத்தைத் தேடும் கிறிஸ்தவர் அதை முதலில் தேட வேண்டிய இடம், உடையக்கூடிய கரையின் கீழும் கம்பியில்லாச் சுவரின் அடியிலும் ஏழைகளைக் குடியிருத்தி வைத்திருக்கும் ஏற்பாடுகளில்தான். ஆமோஸ் கண்டித்த பாவமும் அதுவே.